‘அவன் விழுந்தான்’, ‘நான் விழுந்தேன்’: வீடியோ கேம்கள் கண்ணீரை வரவழைப்பது எப்படி

2024 பிப்ரவரி இறுதியில் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்’ என்ற வீடியோ கேம் வெளியானபோது, அதற்காகக் காத்திருந்தவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தது: 1997இல் வந்த மூல விளையாட்டில் கொல்லப்பட்ட ஏரித் என்ற பெண் இம்முறையாவது பிழைப்பாளா? ஒரு கற்பனைப் பாத்திரத்தின் சாவை 27 ஆண்டுகளாகச் சிலர் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது, இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காத செய்தி. கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தும் ஒரு பொழுதுபோக்கில் துக்கத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அந்தக் கேள்விக்கு அடிப்படையிலிருந்து விடை சொல்ல முயல்கிறது இக்கட்டுரை. விளக்கத்தின் தேவை கருதிப் பல விளையாட்டுகளின் முடிவுகள் இங்கே வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றை இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவும்.

முதலில் மூன்று சொற்கள்

1. கட்சீன்: விளையாட்டின் நடுவே வரும், விளையாடுபவர் எதுவும் செய்ய முடியாத காட்சிப் பகுதி. கன்ட்ரோலர் கையில் இருந்தாலும் அப்போது அதற்கு வேலை இல்லை. சினிமாவின் கருவிகள் அனைத்தும் இங்கே பயன்படுகின்றன.

2. விதி: எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், எது முடியும், எது முடியாது என்று விளையாட்டு வகுத்துள்ள ஒழுங்கு. தாவுவதும் நீந்துவதும் மருந்து கொடுப்பதும் விதிகளால் ஆனவை.

3. சேவ்: விளையாட்டில் எட்டிய நிலையைக் கோப்பாகச் சேமித்துவைப்பது. தவறு நேர்ந்தால் பழைய சேவுக்குத் திரும்பி, நடந்ததை நடக்காததாக ஆக்கிக்கொள்ளலாம்.

கட்சீன் பார்த்து அழுவதற்கும் படம் பார்த்து அழுவதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. நல்ல நடிப்பும் நல்ல இசையும் எங்கே இருந்தாலும் தம் வேலையைச் செய்யும். வீடியோ கேமுக்கே உரிய துயரம் இரண்டாவது, மூன்றாவது சொற்களில் இருக்கிறது. விதியும் சேவும் விளையாடுபவரின் கையோடு கொள்ளும் உறவிலிருந்தே அது பிறக்கிறது.

வினைமுற்றின் விகுதி

படம் பார்த்துவிட்டு வருபவர், கதாநாயகன் மலையிலிருந்து விழுந்ததை ‘அவன் விழுந்துவிட்டான்’ என்று சொல்வார். அதே காட்சியை விளையாடியவர் ‘நான் விழுந்துவிட்டேன்’ என்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே படர்க்கை தன்மையாக மாறிவிடுகிறது. ‘ஆன்’ விகுதி இருந்த இடத்தில் ‘ஏன்’ விகுதி வந்து நிற்கிறது. கதையில் நடக்கும் வினைக்கு விளையாடுபவரே எழுவாய் என்பதுதான் இக்கலையின் அடிப்படை. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அந்த வினையின் ஒரு பங்கு அவரைச் சேர்கிறது.

இது படங்கள் துல்லியமான பிறகு வந்த பண்பு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், ஒரு கணினியால் உங்களை அழவைக்க முடியுமா என்று பத்திரிகை விளம்பரம் வெளியிட்ட 1983ஆம் ஆண்டிலேயே அதற்கான விடையும் வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்துவிட்டது. இன்ஃபோகாம் வெளியிட்ட, ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய ‘பிளானட்ஃபால்’ என்ற அந்த விளையாட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. முழுவதும் எழுத்து; விளையாடுபவர் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். ஆளில்லாத ஒரு கோளில் துணைக்கு இருப்பது ஃபிளாய்ட் என்ற குழந்தைத்தனமான ரோபோ மட்டும். கொடிய உயிரினங்கள் நிறைந்த ஆய்வுக்கூடத்துக்குள் சென்று தேவையான ஓர் அட்டையை எடுத்துவரத் தானே முன்வருகிறது ஃபிளாய்ட். அது உள்ளே போனதும் கதவை மூடும் கட்டளையை விளையாடுபவர்தான் தட்டச்சுச் செய்ய வேண்டும். சற்று நேரத்தில் திரும்பி வரும் ஃபிளாய்ட், சிதைந்த உடலோடு அவர் கையில் உயிரை விடுகிறது. திரையில் சில வரிகள் தவிர வேறெதுவும் இல்லை. ஆயினும் கதவை மூடியது யார் என்பதை விளையாடியவர் அறிவார்.

இழவு: ஏரித் ஏன் மறக்கப்படவில்லை

இப்போது ஏரித்துக்கு வரலாம். 1997இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ மூன்று குறுவட்டுகளில் வந்தது. முதல் குறுவட்டின் முடிவில், பிரார்த்தனையில் இருக்கும் ஏரித்தை செஃபிரோத் என்ற வில்லன் பின்னாலிருந்து வாளால் குத்திக் கொல்கிறான். கொலை நடப்பது கட்சீனில்தான். அன்றைய தொழில்நுட்பத்தில் அந்த உருவங்களின் முகபாவம் மிகக் குறைவு. அப்படியிருந்தும் அது இத்தனை ஆழமாகப் பதிந்ததற்குக் காரணங்களை வரிசைப்படுத்தலாம்.

1. உழைப்பு. இவ்வகை விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்தையும் மணிக்கணக்கில் போரிடவைத்துப் படிப்படியாக வலுவாக்க வேண்டும். ஏரித்தின் சிறப்பு ஆற்றல்கள் குணப்படுத்துவதும் காப்பதுமாகவே அமைந்தவை. ஆகவே அவளை நம்பிப் போருக்குப் போகும் பழக்கம் விளையாடுபவருக்கு ஏற்பட்டிருக்கும். அவளோடு அந்த உழைப்பும் போகிறது. அணிப் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் அவள் இல்லாதது தெரிகிறது.

2. விதி முறிவு. அதுவரை போரில் யார் வீழ்ந்தாலும் ‘ஃபீனிக்ஸ் டவுன்’ என்ற பொருளைக் கொண்டு எழுப்பிவிடலாம். சாவு என்பது சரிசெய்யக்கூடிய ஒரு நிலை என்று விளையாட்டு பல மணி நேரம் கற்பித்திருக்கிறது. திடீரென்று அந்த மருந்து வேலை செய்யாத ஒரு சாவை முன்னால் வைக்கிறது. ஒழுங்கு, ஊழ் ஆகிய இரண்டுக்குமே தமிழில் ‘விதி’ என்ற ஒரே சொல் இருப்பது இந்த இடத்தில் மிகப் பொருந்துகிறது.

3. இசை. கொலை முடிந்த உடனே ஒரு பெரும் எதிரியோடு போர் தொடங்குகிறது. வழக்கமாக ஒலிக்கும் போர் முழக்கத்துக்குப் பதிலாக, நோபுவோ உவேமாட்சு அமைத்த ஏரித்தின் மெல்லிசையே தொடர்ந்து ஒலிக்கிறது. அழ நேரம் கொடுக்காமல் கையை வேலை வாங்கிக்கொண்டே, காதில் மட்டும் துக்கத்தை நீட்டிக்கும் ஏற்பாடு இது.

ஃபீனிக்ஸ் டவுன் இருந்தும் ஏரித்தை ஏன் எழுப்பவில்லை என்பதைக் கதையின் ஓட்டையாகச் சிலர் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். என் பார்வையில், அந்தக் கேள்வி எழுவதே காட்சியின் வெற்றி. இழவு வீட்டில் ‘அந்த மருத்துவமனைக்கு முன்பே கொண்டுபோயிருந்தால்’ என்று பேசாதவர் உண்டா? அவளை உயிர்ப்பிக்க ஏதோ ரகசிய வழி இருப்பதாகப் பல ஆண்டுகள் வதந்திகள் உலவியதும், அவற்றை நம்பிப் பலர் முயன்று பார்த்ததும் அதே மனநிலையின் தொடர்ச்சிதான்.

கை கற்ற பழக்கம்: இரு சகோதரர்கள்

ஏரித்தின் கதையில் துயரத்தின் உச்சம் கட்சீனில் இருந்தது. கட்சீனின் துணை பெரிதும் இல்லாமல், விரலின் வழியாகவே துயரத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று 2013இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’. இதை இயக்கிய ஜோசஃப் ஃபாரஸ், லெபனானில் பிறந்து ஸ்வீடனில் திரைப்பட இயக்குநராக இருந்தவர். திரைத்துறையிலிருந்து வந்த ஒருவர், திரையில் செய்ய முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

நோயுற்ற தந்தைக்கு உயிர்மரத்தின் நீரைக் கொண்டுவர அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். இருவரையும் ஒருவரே, ஒரே கன்ட்ரோலரில் இயக்க வேண்டும். இடது கைப்பக்கத்துக் குச்சியும் (பாத்திரத்தை நடக்கவைப்பது) விசையும் (பிற செயல்களுக்கான பொத்தான்) அண்ணனுக்கு. வலது கைப்பக்கத்தவை தம்பிக்கு. தொடக்கத்தில் இது மிகவும் குழப்பும். இரு கைகளும் ஒன்றோடொன்று மோதும். ஓரிரு மணி நேரத்தில் மூளையின் தலையீடு இல்லாமலே இடக்கை அண்ணனாகவும் வலக்கை தம்பியாகவும் மாறிவிடுகின்றன. பாத்திரங்கள் பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத, புனையப்பட்ட ஒரு மொழி. ஆகவே உறவை உணர்த்தும் பொறுப்பும் பெருமளவு கைகளிடமே விடப்பட்டிருக்கிறது.

தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ணால் கண்டவன் தம்பி. அதனால் அவனுக்குத் தண்ணீர் என்றால் அச்சம். ஆறோ ஏரியோ குறுக்கிட்டால் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான். பயணத்தின் முடிவை நெருங்கும்போது அண்ணன் இறந்துபோகிறான். அவன் உடலைக் குழிக்குள் இழுத்து, மண்ணைத் தள்ளி மூடும் வேலையை விளையாட்டு நம்மிடமே விடுகிறது. அதன்பின் இடக்கைக்கு வேலை இல்லை. குச்சியும் விசையும் கைக்கடியில் அப்படியே இருக்கின்றன. அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. துணையை இழந்தவர்கள் பழக்கத்தில் இரண்டு தம்ளர் காபி கலந்துவிட்டு நிற்பதுபோல, அந்தக் கை சும்மா இருப்பதை உணர்ந்துகொண்டே மீதித் தூரத்தைக் கடக்க வேண்டும்.

ஊரை எட்டுவதற்கு முன் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. தம்பி கரையில் நிற்கிறான். அவனுக்குரிய வலது விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அவன் நீரில் இறங்குவதில்லை. வேறு வழி தெரியாமல், அண்ணனுக்குரிய இடது விசையை அழுத்திப் பார்க்கும்போது தம்பி நீந்தத் தொடங்குகிறான். அச்சத்தைக் கடக்க அண்ணனின் வலு அவனுக்குள் வந்தது என்பதைச் சொல்ல ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. அதைக் கண்டுபிடித்தது விளையாடுபவரின் விரல். இந்தக் காட்சியை நாவலில் எழுத முடியாது, படத்தில் எடுக்க முடியாது. பல மணி நேரம் பழகிய ஒரு கை இருந்தால்தான் அது காட்சியாகவே ஆகும்.

கையறிவு துயரமாகும் இன்னொரு விளையாட்டு தமிழர்களுக்கு நெருக்கமானது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தாயிடமிருந்து வந்த, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிகளுக்கும் ஆவி சேரும் என்பது போன்றவற்றை விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மகன் கவினாக விளையாடும் பகுதி வருகிறது. அதே குறிப்பேடு, அதே எழுத்து. தமிழ் கைவிட்டுப்போன அவனுக்கு அது முழுமையாகப் புரிவதில்லை. தலைமுறை இடைவெளி அங்கே ஒரு விளையாட்டுத் தடையாக மாறி நம் முன் நிற்கிறது.

ஐந்தாவது காரணம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறப்பதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். அசைவு என்பது முன்னிருந்த நிலையிலிருந்து தளர்தல். ஏரித்தின் சாவு இழவு. தம்பி ஆற்றங்கரையில் தனித்து நிற்பது இழவும் அசைவும் கலந்தது. நான்குமே ஒருவருக்கு நேர்பவை. தானே செய்த ஒன்றுக்காக வரும் அழுகை அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. பார்வையாளர் வினைக்கு எழுவாயாகும் ஒரு கலை உருவான பிறகு, குற்றவுணர்வு என்ற ஐந்தாவது நிலைக்களனையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

2004இல் ஹிடியோ கொஜிமா உருவாக்கிய ‘மெட்டல் கியர் சாலிட் 3’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெண்மலர்கள் நிறைந்த வெளியில், தன்னை வளர்த்து ஆளாக்கிய குருவைக் கதாநாயகன் போரில் வீழ்த்துகிறான். அவர் தரையில் கிடக்கிறார். துப்பாக்கி நீண்டிருக்கிறது. கட்சீன்போலத் தோன்றும் அந்த இடத்தில் காட்சி நகர மறுக்கிறது. சுடும் பொத்தானை விளையாடுபவர் அழுத்தும்வரை எல்லாம் காத்திருக்கிறது. அழுத்தாமல் இருக்க விரும்புபவருக்கு அதற்குமேல் கதை இல்லை.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2023இல் தொலைக்காட்சித் தொடராக வந்ததால், அதன் இறுதிக் காட்சி விளையாடாதவர்களுக்கும் தெரிந்திருக்கும். கொள்ளைநோயால் சிதைந்த மனிதகுலத்துக்கு மருந்து கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில் எல்லி என்ற சிறுமியின் உயிர் போகும் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடாகிறது. முன்பே தன் மகளை இழந்தவனும் எல்லியை அங்கே அழைத்துவந்தவனுமான ஜோயல் அவளைத் தூக்கிச் செல்ல அறுவை அறைக்குள் நுழைகிறான். தொடரைப் பார்த்தவர்கள் ‘ஜோயல் மருத்துவரைக் கொன்றது சரியா’ என்று விவாதித்தார்கள். 2013இன் மூல விளையாட்டில் அந்த மருத்துவரைத் தாக்காமல் கதை நகராது. விளையாடியவர்கள் தங்கள் கையைப் பற்றியும் சேர்த்து விவாதிக்க வேண்டியிருந்தது. வேறு வழி தராமல் கட்டாயப்படுத்திவிட்டு எங்களைக் குற்றவாளியாக்குவது முறையா என்று சிலர் கேட்டார்கள். அக்கேள்வியில் வலு இருக்கிறது. இருந்தாலும், ஜோயலுக்கும் அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை என்பதை அந்த இறுக்கம்தான் நமக்குள் ஏற்றுகிறது என்று நினைக்கிறேன்.

டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. எதிர்ப்படும் யாரையும் கொல்லாமலே அதை முடிக்கலாம். தொடக்கத்தில் தாய்போல அரவணைக்கும் டோரியலைத் தெரியாமல் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேவுக்குத் திரும்பி, இம்முறை அவளைக் காப்பாற்றினாலும், நீ முன்பு என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியும் என்ற பொருளில் ஃபிளவி என்ற பாத்திரம் பேசுகிறது. சேவ் கோப்பு அழித்துவிடும் என்று நம்பிய செயலை விளையாட்டு தனியே நினைவில் வைத்திருக்கிறது.

முன்பின் அறியாதவரின் துணை

எல்லாக் கண்ணீரும் இழப்பிலிருந்து வருவதில்லை. தட்கேம்கம்பெனி 2012இல் வெளியிட்ட ‘ஜர்னி’யில், பாலைவனத்தைக் கடந்து தொலைவில் ஒளிரும் மலையுச்சியை அடைய வேண்டும். வழியில் இன்னோர் உருவம் எதிர்ப்படும். அது கணினி இயக்கும் பொம்மை இல்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில் அதே நேரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் மனிதர். பெயர் தெரியாது, பேசவோ எழுதவோ வழியில்லை, ஒரு சிறு ஓசையை மட்டும் எழுப்பலாம்.

இணையத்தில் முகம் தெரியாதவர்கள் சந்தித்தால் வசையே மிஞ்சும் என்பது பலரின் அனுபவம். இங்கே அது நேராமல் போனதற்கு வடிவமைப்பே காரணம். உருவாக்கத்தின் தொடக்க நிலையில், ஒருவரையொருவர் தள்ள முடியும்படி விளையாட்டு இருந்ததாகவும், சோதித்துப் பார்த்தவர்கள் துணையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு மகிழ்ந்ததாகவும் இயக்குநர் ஜெனோவா சென் சொல்லியிருக்கிறார். மோதலே நிகழாதபடி விதி மாற்றப்பட்டது. அதற்கு மாறாக, இருவரும் நெருங்கித் தொட்டுக்கொண்டால் பறப்பதற்கான ஆற்றல் இருவருக்கும் நிரம்பும் என்று வைத்தார்கள். மனிதர்கள் மாறவில்லை, எந்தச் செயலுக்குப் பலன் உண்டு என்பது மாறியது. மலையருகே பனிப்புயலில் ஆற்றல் உறையும்போது, இரு அந்நியர்களும் ஒட்டிக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடப்பார்கள். முடிவில், உடன் வந்தவர்களின் பயனர் பெயர்கள் திரையில் தோன்றும். ஒரே துணையோடு வந்ததாக நம்பியவர், வழியில் ஆள் மாறி மாறிப் பலர் தன்னோடு நடந்திருப்பதை அப்போதுதான் அறிவார்.

யோகோ டாரோவின் ‘நியர்: ஆட்டோமேட்டா’ (2017) இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகிறது. அதன் கடைசி முடிவில், படைப்பாளிகளின் பெயர்ப் பட்டியலே குண்டுமழையாகப் பொழிகிறது. தனியாளாகத் தாண்டுவது மிகக் கடினம். பலமுறை தோற்ற பிறகு உதவியை ஏற்கிறாயா என்ற கேள்வி வரும். ஏற்றால் உலகெங்குமுள்ள பிற விளையாட்டாளர்களின் சிறுகலங்கள் சூழ்ந்து காக்கின்றன. குண்டுபட்டு ஒவ்வொன்றாக அழிகின்றன. அவர்கள் தங்கள் சேவ் கோப்புகளைத் துறந்து அனுப்பிய உதவி அது என்பது பின்னர் தெரியவரும். பெயர் தெரியாத இன்னொருவருக்காக உன் சேவ் கோப்பையும் முழுவதும் அழித்துத் தருவாயா என்று விளையாட்டு கேட்கிறது. ஆம் என்றால், பல பத்து மணி நேர உழைப்பு கண்ணெதிரே ஒவ்வொரு பக்கமாக அழிகிறது. இங்கே தியாகம் செய்வது கதாபாத்திரம் இல்லை.

பொத்தானுக்குக் கட்டுப்படாதது

அழுத்தினால் ஏதாவது நடக்கும் என்பதே விளையாட்டின் முதல் வாக்குறுதி. ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதி, புற்றுநோயால் 2014இல் ஐந்து வயதில் இறந்த தங்கள் மகன் ஜோயலைப் பற்றி உருவாக்கிய ‘தட் டிராகன், கேன்சர்’ (2016) அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெறுகிறது. மருத்துவமனை அறையில் குழந்தை தாகத்தால் அழுகிறது. விளையாடுபவர் எதைத் தொட்டாலும், எப்படித் தாங்கினாலும் அழுகை நிற்பதில்லை. புதிர் ஒன்று இருக்கிறது, அதை அவிழ்த்தால் குழந்தை அமைதியடையும் என்று தேடும் விளையாட்டாளரின் பழக்கமே அந்த அறையில் ஒரு தந்தையின் தவிப்பாக மாறுகிறது.

இதனால் என்ன விளைகிறது

1. பார்ப்பதும் விளையாடுவதும் ஒன்றல்ல. விளையாட்டை முழுவதுமாக யாரோ விளையாடுவதை யூடியூபில் பார்ப்பது இன்று பெருவழக்கு. கட்சீன்களின் துயரம் அதில் கடத்தப்படும். விரலின் துயரம் கடத்தப்படாது. இதற்குப் பொருளாதாரப் பக்கமும் உண்டு: தங்கள் விளையாட்டைக் காணொளியில் பார்த்து முடித்தவர்கள் பலர் அதை வாங்கவில்லை என்பதை ரயன் கிரீன் 2016இல் வெளிப்படையாக எழுதினார்.

2. பற்று விலைபொருளாகிறது. உழைப்பும் பழக்கமும் பாத்திரத்தின்மீது பற்றை உண்டாக்கும் என்பது, காச்சா எனப்படும் குலுக்கல்முறை விளையாட்டுகளை நடத்துபவர்களுக்கும் தெரியும். பணம் கட்டிக் குலுக்கினால் விரும்பிய பாத்திரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஏரித்தை நேசிக்கவைத்த அதே பொறிமுறை இங்கே பணப்பையை நோக்கித் திருப்பப்படுகிறது. விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் வன்முறையைவிட முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

3. காப்பது கடினம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. புத்தகத்துக்கு ஒரு பிரதி இருந்தால் போதும். விளையாட்டுக்கு அதற்குரிய கருவியும் கன்ட்ரோலரும் வேண்டும். ‘பிரதர்ஸ்’ போன்ற ஒன்றுக்கு, இடமும் வலமுமாகப் பிரிந்த இரு குச்சிகள் இல்லாமல் பொருளே இல்லை.

‘ஜர்னி’யின் நிலை இன்னும் நுட்பமானது. வட்டைப் பத்திரமாக வைத்திருக்கலாம், கருவியையும் பழுதுபார்த்து வைத்திருக்கலாம். ஆனால் இரு அந்நியர்களை இணைக்கும் வழங்கி (சர்வர்) என்றைக்கு நிறுத்தப்படுகிறதோ, அன்றிலிருந்து பாலைவனமும் மலையும் இசையும் அப்படியே இருக்கும். பனிப்புயலில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள்.